அசசகம

அன்புள்ள பூனைக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் மட்டும் தனியாகக் கோபித்துக்கொண்டிருக்கிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "விட்டுத் தள்ளும்மா" என்பாய், அதனால்தான் காகிதம். நான் விடவில்லை!

என் எழுத்துரு உனக்குத் தெரியுமே, பழைய தீப்பெட்டியில் இருக்கும் எழுத்து மாதிரி, உள்ளே வெறுமையாக, ஓரக்கோடு மட்டும் ஓடி, முனையில் சுருள் சுருளாக. வீடியோ பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டு இரண்டு வருஷம் வரைந்தது, 'ழ' மட்டும் பதினேழு தடவை. அதை என் முதலாளி, அச்சகக்காரர், கடைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து எங்கள் எழுத்துப் பைத்தியங்களின் இணையக் குழுவில் தன் பேரில் போட்டார். ஆயிரம் பேர் இதயம் போட்டார்கள், வயிறு எரிய நானும் ஒன்று போட்டேன். நேரில் கேட்டதற்கு, "உள்ள ஒண்ணுமே இல்லாத எழுத்தும்மா, இதுக்குப் போய் உரிமை கொண்டாடுறீங்க" என்றார். "ஆமா சார்" என்று சிரித்தேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், உள்ளே ஏதாவது வைக்கிறேன் என்று.

மெய்யெழுத்துகளின் புள்ளிகளை மாற்றினேன். ஒவ்வொரு புள்ளியும் ஒரு வளையம்தானே, அந்தக் கோட்டை எறும்பு சைஸ் எழுத்துகளால் வரைந்தேன். சின்னதாகப் பார்த்தால் வெறும் கோடு. "இறுதி, இதுதான் சரி" என்று ஃபைலுக்குப் பேர் வைத்து அதே கம்ப்யூட்டரில் விட்டேன். மனுஷன் அதையும் எடுத்தார்! போன வாரம் கடைக்குப் புதுப் பலகை, அதே எழுத்தில் 'அச்சகம்'. "பெருசாப் போட்டாத்தான் சார் உங்க கை அழகு தெரியும்" என்று உசுப்பேற்றிவிட்டேன். சுவர் அகலத்துக்குப் போட்டார், புள்ளி ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு. பிரிண்ட் போட்டதும் நான், சுருட்டிக் கொடுத்ததும் நான்.

மாட்டிய அன்று எதிர்க்கடை மூக்குக்கண்ணாடிக்காரர் வந்தார், தினமும் நாலு பேரைச் சின்ன எழுத்துப் படிக்க வைக்கிறவர். அண்ணாந்து பார்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி படித்தார்: "நான் வரையலை… நான் வரையலை… என்ன சார், புள்ளி பூராவும் இதையே எழுதி வச்சிருக்கீங்க?" அப்போது முதலாளி முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! உடனே ஏணி போட்டு இரண்டு புள்ளிகளையும் வெள்ளை பெயிண்ட் அடித்து மறைத்தார். இப்போது பலகையில் இருப்பது 'அசசகம'. தெருவே அவரை "என்ன அசசகம, சௌக்கியமா?" என்றுதான் கூப்பிடுகிறது. குழுவிலும் போட்டோ போய்விட்டது, நான் போடவில்லை, அதில் இருக்கிற கண்ணாடிக்காரர் போட்டார், நான் இதயம் போட்டேன்.

நேற்று முதலாளி வந்து, "புள்ளிய மட்டும் சரி பண்ணிக் கொடும்மா" என்று கெஞ்சினார். குழுவில் என் பேரைப் போடுங்கள், அப்புறம் புள்ளி வைக்கிறேன் என்றேன். இன்னும் போடவில்லை. எனக்கு அவசரமில்லை.

நீ நன்றாக இரு, நினைத்ததெல்லாம் உனக்குக் கைகூடட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள். கீழே என் கையெழுத்தில் ஒரு புள்ளி இருக்கிறது, பூதக்கண்ணாடி வைத்துப் பார். "நான்தான் வரைந்தேன்" என்று இருக்கும்.

இப்படிக்கு,
புள்ளி குறையாத
அம்மா