செவ்வாய்க்கிழமை, பத்து மணி நாற்பத்தொரு நிமிடம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். எல்லோரும் நலமா என்று கேட்டுவிட்டு, இங்கே நாங்களும் நலம் என்று பதிலையும் நானே எழுதிவிடுவது என் வழக்கம். இந்தத் தடவை உடம்பளவில் நலம் என்று மட்டும் எழுதிக்கொள்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் சரியாகச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, ஆரோக்கியமாக இருக்க வேண்டும். போனில் பேசாமல் இதென்ன பழைய காலத்து மனுஷன் மாதிரி கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் சொல்ல இரண்டு முறை முயன்றேன் அம்மா. முதல் தடவை நீ ஏதோ கூட்டத்துக்குப் போகிற அவசரத்தில் இருந்தாய், இரண்டாம் தடவை உனக்கு நேரம் இருந்தது, எனக்குத்தான் வாய் வரவில்லை, உங்கள் ஊரில் குளிரா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். தாளில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, நானும் பாதியில் பேச்சை மாற்ற முடியாது, அதனால்தான்.

அம்மாவுக்கு வலது கண்ணில் செய்த அறுவை சிகிச்சை நன்றாக ஆறிவிட்டது. இப்போது அவளுக்கு எல்லாமே பளிச்சென்று தெரிகிறதாம், தெரிந்ததும் முதல் வேலையாக வீட்டைப் பார்த்து, "இத்தனை வருஷமா இந்த அழுக்குலயா குடும்பம் நடத்தினோம்" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். ஒரு வாரமாக அலமாரி, ஜன்னல் கம்பி, மின்விசிறி என்று ஒன்றையும் விடவில்லை, என்னை ஏணியில் ஏற்றிவிட்டுக் கீழே நின்று வேலை வாங்குகிறாள். மாடி வீட்டுத் தையல்காரம்மா புது மெஷின் வாங்கியிருக்கிறாள், பழையதைவிட இரண்டு மடங்கு சத்தம். தம்பி வழக்கம்போலக் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறைக்குள் போனால் நாலு மணிக்குத்தான் வெளியே வருகிறான். மருமகளும் நன்றாக இருக்கிறாள், மாதம் ஒருமுறை டாக்டரம்மாவைப் பார்க்க இருவரும் சேர்ந்து போய்வருகிறார்கள். எதற்கு என்று நான் எழுதக் கூடாது. அது உன் தம்பி உன்னிடம் சொல்ல வேண்டிய செய்தி, நல்ல செய்தி. வழக்கமாக இருந்தால் அவன் உனக்குத்தான் முதலில் சொல்லியிருப்பான், எங்களுக்கே அப்புறம்தான் தெரிந்திருக்கும். ஏழு வாரமாக நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை, அதனால் அந்தச் செய்தி இந்த வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது. அதற்குக் காரணம் நான்.

நீ ஊருக்குப் போகும்போது எங்களிடம் விட்டுப்போன உன் கார் விஷயத்தைத்தான் சொல்கிறேன். கியர் பெட்டி மாட்டிக்கொண்டு வண்டி இரண்டாம் கியருக்கு மேல் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது, தம்பிதான் சர்வீஸ் சென்டருக்கு உருட்டிக்கொண்டு போய் விட்டான். வாரண்டி இன்னும் மூன்று வருஷம் இருக்கிறதே, கவலை எதற்கு என்று எல்லோரும் இருந்தோம். அங்கே ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் செருகிக் கம்ப்யூட்டரில் பார்த்தார்களாம். வண்டிக்குள்ளேயே ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, வண்டி எந்த நாள் எந்த நேரம் எவ்வளவு வேகத்தில் ஓடியது என்று அது குறித்து வைத்துக்கொள்கிறது என்பது எனக்கு அதற்கு முன்னால் தெரியாது. நூற்று எழுபத்து நான்கு கிலோமீட்டர் வேகம் பதிவாகியிருக்கிறது, இப்படி ஓட்டிய வண்டிக்கு வாரண்டி கிடையாது என்று உரிமையாளர் என்ற முறையில் உனக்குக் கடிதம் அனுப்பிவிட்டார்கள். நீ அன்று சாயங்காலமே போன் செய்தாய். கூடத்தில் போனை ஸ்பீக்கரில் போட்டு நாங்கள் நாலு பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். யார் ஓட்டினது என்று கேட்டாய். தம்பி, "நான்தான்" என்றான். நீ, "நீ திருந்தவே மாட்டியாடா, என் கை இன்னும் குளிர் வந்தா வலிக்குது, உனக்கு அதெல்லாம் மறந்துபோச்சு இல்ல" என்றாய். பத்தொன்பது வயதில் அவன் உன்னை பைக்கில் பின்னால் உட்காரவைத்துப் போய் வளைவில் சறுக்கி, உன் கை இரண்டு இடத்தில் உடைந்து, நீ அந்த வருஷப் பரீட்சையே எழுத முடியாமல் போனதைச் சொன்னாய். சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது. அவன் தலையைக் குனிந்துகொண்டு கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது நான் என்ன செய்தேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "விடும்மா, ஏதோ தெரியாம பண்ணிட்டான், இனிமே பார்த்து ஓட்டுவான், நான் சொல்லி வைக்கிறேன்" என்றேன். பெரிய மனுஷன் மாதிரி அவனை மன்னித்துவிட்டேன்.

ஓட்டியது நான்தான் அம்மா.

எழுதிவிட்டேன், இனி மற்றதும் வரும். உங்கள் சித்திக்கு முழங்கால் வலி என்று அம்மா இரண்டு நாள் துணைக்கு இருக்கப் போனாளே, அந்தச் செவ்வாய்க்கிழமை. அவளை அங்கே இறக்கிவிட்டு நான் தனியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். புதிதாகப் போட்ட புறவழிச்சாலை, ஆறு தடம், கண்ணாடி மாதிரி கிடந்தது. நான் எப்போதும்போல அறுபதில் போய்க்கொண்டிருந்தேன். உனக்குத்தான் தெரியுமே, முப்பத்தொரு வருஷம் நான் ஓட்டிய பஸ்ஸில் அறுபதுக்கு மேல் போகாதபடி பூட்டுப் போட்டு வைத்திருந்தார்கள், பணிமனையில் என் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, 'அறுபது' என்றுதான் கூப்பிடுவார்கள். எத்தனை பேர் என் முதுகுக்குப் பின்னால், "அண்ணே, இறங்கித் தள்ளட்டுமா" என்று கத்தியிருக்கிறார்கள். நான் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. அன்றைக்கு ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போனது. எங்கள் பணிமனை பஸ்தான், புது மாடல், பூட்டு இல்லாதது. ஓட்டியவன் தாண்டும்போது என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். அவ்வளவுதான் நடந்தது. அவன் மேல் எனக்குக் கோபம் வந்ததா என்று யோசித்துப் பார்த்தேன், இல்லை. காலைக் கொஞ்சம் அழுத்தினால் என்ன ஆகும் என்று தோன்றியது, அழுத்தினேன். பஸ்ஸைத் தாண்டியதும் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. நூறு ஆனது, நூற்று நாற்பது ஆனது, வண்டி அசையக்கூட இல்லை, ஜன்னல் மூடியிருந்ததால் சத்தமும் இல்லை, ஓரத்து மரமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடியது. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், நன்றாக இருந்தது. தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். அப்போதுதான் தூரத்தில் சாலை நடுவில் ஒரு அம்மாள் குடையைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் கடக்க நிற்பது தெரிந்தது. காலை எடுத்துவிட்டுப் பிரேக்கை மிதித்தேன். ஆனால் அந்த வேகம் நான் பழகிய வேகம் இல்லை, எந்த இடத்தில் நிற்கும் என்று எனக்குக் கணக்கே தெரியவில்லை. முப்பத்தொரு வருஷ அனுபவத்தில் அன்றைக்குத்தான் வண்டி எங்கே நிற்கும் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் ஒரு எட்டு முன்னால் வைத்துவிட்டுப் பின்வாங்கிக்கொண்டாள். அவள் பின்வாங்கியதால்தான் தப்பினாள், என் திறமையால் இல்லை. கொஞ்ச தூரம் தள்ளி ஓரமாக நிறுத்தினேன். திரும்பிப் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன், போகவில்லை. வீட்டுக்கு வந்து வண்டியைக் கழுவி நிறுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் ஆறு வாரம் கழித்துத்தான் கியர் பெட்டி போனது. நான் ஓட்டியதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீ போனில் அந்த வேகத்தைச் சொன்னதும்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது. ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி, "நான்தான்" என்றுவிட்டான். அவனும் ஒரு நாள் அந்தச் சாலையில் அழுத்தியிருப்பான்போல, பெட்டி குறித்தது அவனுடையதாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு வசதியான நினைப்பு பார். மறுநாளே அவன் தன்னிடம் இருந்த இன்னொரு கார் சாவியைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான், வண்டி சரியாகி வந்தாலும் இனிமேல் தொடமாட்டேன் என்றான். மருமகளை டாக்டரம்மாவிடம் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனான். போன வாரம் மருமகள் துணி மடித்துக்கொண்டே என்னிடம், "மாமா, நீங்க அண்ணிகிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாதா? அவர் என்னை வச்சுக்கிட்டு நாப்பதுக்கு மேல போனதே இல்ல. பின்னாடி வர்றவன் எல்லாம் திட்டுவான். அவர் எப்படி நூத்தி எழுபதுல போயிருப்பார்னு எனக்குப் புரியவே மாட்டேங்குது" என்றாள். எனக்கு அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. மறுநாள் காலை பஸ் பிடித்து சர்வீஸ் சென்டருக்குப் போனேன்.

அங்கே வாரண்டிப் பிரிவில் ஒரு அம்மா இருந்தாள், உன் வயதுதான் இருக்கும், மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே மேஜை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, யார் ஓட்டினாங்கன்னு அந்தப் பெட்டிக்குத் தெரியாது. எவ்வளவு வேகம்னுதான் தெரியும். நீங்க ஓட்டியிருந்தாலும் எங்க பதில் ஒண்ணுதான்" என்றாள். அந்த நாலு நிமிஷத்தாலா கியர் பெட்டி போனது என்று கேட்டேன். "ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது, வாரண்டி விதி அப்படி" என்றாள். அதுகூடப் பரவாயில்லை அம்மா. அப்புறம் அவள் கோப்பைத் திறந்து, "ஆனா உங்க பையன்தான் ஓட்டினேன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிருக்காரே" என்று ஒரு படிவத்தைக் காட்டினாள். ஓட்டியவர் என்ற இடத்தில் அவன் பெயர், அவன் கையெழுத்து, நீ போன் செய்த நாளுக்கு முந்தைய தேதி. அதோடு பின் குத்திய தாளில் வேகம், தேதி, நேரம் எல்லாம் இருந்தது. ஒரே ஒரு பதிவுதான். செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாற்பத்தொரு நிமிடம். அந்த நேரத்தில் அவன் எக்ஸ்ரே அறையில் இருப்பான், வண்டி என்னிடம் இருந்தது. "இந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தார். வெளியே யாருக்கோ போன் பண்ணப் போனார், பண்ணாமலே திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார்" என்றாள். நீ போன் செய்வதற்கு முன்னாலேயே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஓட்டியது நான் என்று தெரிந்துகொண்டேதான் அவன் அன்று கூடத்தில் உட்கார்ந்திருந்தான். நான் அவனை மன்னித்தபோதும் தெரிந்துகொண்டேதான் தலையைக் குனிந்திருந்தான்.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் கை கால் உடைந்தவர்களோடு வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவன் அடுத்த ஆளைக் கூப்பிட வெளியே வந்தவன் என்னைப் பார்த்துப் பதறிப்போய், "என்னப்பா, எங்க அடிபட்டுச்சு" என்றான். அடி ஒன்றும் இல்லை, தாளைப் பார்த்துவிட்டேன் என்றேன். ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "எனக்கு ஏற்கெனவே அந்தப் பேர் இருக்குப்பா. உங்களுக்கு எதுக்குப் புதுசா" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் கையில் கட்டோடு இருந்த ஆள் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார், அழுகிறவன் ரொம்ப அடிபட்டவன் என்று நினைத்தாரோ என்னவோ. தம்பி குனிந்து என் காதருகே, "நல்லா இருந்துச்சாப்பா?" என்று கேட்டான். நன்றாகத்தான் இருந்தது என்றேன். அவன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்கு அந்தப் பெயரைக் கொடுத்து வைத்திருப்பதே நாம்தானே அம்மா, பன்னிரண்டு வருஷமாக. அவன் ஒரு தடவை விழுந்தான். அதற்கப்புறம் எத்தனை ஆயிரம் தடவை பத்திரமாக ஓட்டி வந்திருப்பான், அதையெல்லாம் யாரும் குறித்து வைக்கவில்லை, நானும்தான்.

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தட்டை வைக்கும்போது, "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என்னை வச்சுக்கிட்டு ஒரு நாளாவது எழுபது போயிருப்பீங்களா" என்று கேட்டாள். கோபம் எதற்கு என்று இன்னும் எனக்குச் சரியாகப் புரியவில்லை, கேட்கவும் பயமாக இருக்கிறது. வண்டியைப் பழுதுபார்க்கச் சொல்லிவிட்டேன், அது என் பாடு, நீ அதைப் பற்றி ஒன்றும் பேசாதே. இதோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன், வாரண்டி அம்மாவிடம் கேட்டு வாங்கியது. ஓட்டியவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், உரிமையாளர் என்ற இடத்தில் நீ போட்டு அனுப்பு. இதனால் வாரண்டி திரும்பி வராது, அந்த அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டாள். எதற்கு ஐயா வீண் வேலை என்றும் கேட்டாள். அவர்கள் கோப்பில் என் மகன் பெயர் அந்த வேகத்துக்கு எதிரே இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என்றேன்.

என் மேல் உனக்குக் கோபம் வரும், வரட்டும், குறைத்துக்கொள்ள வேண்டாம். நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு, ஒருவர் பேச்சை ஒருவர் நம்பிக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். அம்மா தன் முத்தத்தை எழுதச் சொன்னாள். குளிரில் அந்தக் கைக்குக் கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. தம்பிக்கு நாலு மணிக்கு வேலை முடியும், இங்கத்து நேரம். போன் செய். முதல் தடவை எடுக்கமாட்டான், விடாதே, மறுபடியும் செய். எடுத்ததும், "நான்தான் ஓட்டினேன்" என்று திரும்பவும் சொல்வான். நம்பாதே.

வண்டியை ஓட்டிய
உன் அப்பா