எறும்பு வீடு மாறுகிறது

மார்ச் 3, செவ்வாய்

அச்சகக்காரர் அச்சகத்தை விற்கிறாராம். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று நாங்கள் சேர்ந்து எழுதிவரும் பிழைதிருத்தி நிரலின் சர்வர் அங்கேதான், காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரு வெளி நிறுவனத்தின் தளத்துக்கு மாற்ற வேண்டும்.

"சொந்த வீட்ட வித்துட்டு வாடகைக்குப் போறோம்" என்று எங்களில் ஒருவரான பல் டாக்டர் குழுவில் எழுதினார். சாமான் தூக்குவது யார் என்று அவர் கேட்கவில்லை. அச்சகக்காரர்தான் சொன்னார்: "எறும்பு தம்பி, நீங்க பாத்துக்கங்க."

தம்பி. கல்லூரி நாளில் 'எறும்பு' என்ற புனைபெயரில் சேர்ந்தேன். அவர்களாகவே தம்பியாக்கினார்கள். நான் திருத்தவில்லை. பிழைதிருத்தி எழுதுகிறவள்.

மார்ச் 5

பழைய மாற்றம் ஒவ்வொன்றையும் செய்தது யார் என்று புதிய தளம் கேட்கிறது. மற்றவர்கள் இயற்பெயர் அனுப்பிவிட்டார்கள். பெயர்ப்பட்டியலில் என் வரியில் 'எறும்பு' என்றே போட்டேன்.

பெண் என்று தெரிந்தால் என்ன? தம்பியோடு சண்டை போடுகிறார்கள். என்னிடம் பொறுமையாக விளக்க ஆரம்பித்துவிடுவார்களோ — அவ்வளவுதான் பயம்.

அம்மா: "ஊர் வேலையெல்லாம் இழுத்துப் போட்டுக்க. நம்ம வீட்டுக் குழாய் ஒழுகுது."

மார்ச் 7

அலுப்பு.

மார்ச் 8, ஞாயிறு

பெயர்ப்பட்டியலைச் சேர்க்காமலே ஏற்றிவிட்டேன். அதுவும் அலுவலக வேலைக்கு இயற்பெயரில் வைத்திருக்கும் என் கணக்கிலிருந்து. பட்டியல் இல்லாவிட்டால் ஏற்றியவர் பெயரே எல்லாவற்றிலும் விழும். அச்சகக்காரரின் இத்தனை வருட உழைப்பு, பல் டாக்டரின் அகராதி — அத்தனையும் என் பெயரில், என் புகைப்படத்தோடு. ஒளியப் போனவள் தலையில் விளக்கு.

"யாருங்க இந்தப் பொண்ணு? நம்ம வேலைய அப்படியே தூக்கிட்டுப் போயிருக்கு" என்கிறார் பல் டாக்டர். அச்சகக்காரரும் அதைப் படித்திருப்பார். அதான் தாங்க முடியல. திருடின்னு நெனச்சிருப்பாரோ?

மார்ச் 9

அந்தப் பெண்தான் எறும்பு, பட்டியல் விட்டுப்போனது, அழித்துவிட்டு மறுபடி ஏற்றுகிறேன் என்று எழுதினேன்.

அச்சகக்காரரின் பதில் மாலையில் வந்தது: "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல. சரி, ஏத்துங்க." எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல், கூப்பிடாமலே எழுதியிருக்கிறார்.

மறுபடி முதலிலிருந்து. என் வரி வந்தது. எறும்பை அழித்துவிட்டு என் பெயரைத் தட்டினேன். எழுத்துப்பிழை உண்டா என்று இருமுறை பார்த்தேன்.

மார்ச் 14

பழைய சர்வரை அணைத்துவிட்டார்கள். புதிய தளத்தில் முதல் புகார், அச்சகக்காரரிடமிருந்து: "ஏம்மா, நீங்க போட்ட சந்தி விதி சுத்தத் தப்பு. நான் ஒத்துக்கவே மாட்டேன்."

தப்பில்லை என்று ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன்.

குழாய் இன்னும் ஒழுகுகிறது.