வெட்டாத ஒரு பை

கிள்ளான்
4.3.2024

அன்புத் தம்பி சிவநேசா,

நலம் விசாரித்தால் பதில் எழுத உனக்கு நேரம் இருக்காது. ஆனாலும் விசாரிக்கிறேன். டத்தோ பட்டத்தோடு பத்திரிகையில் உன் படம் பார்த்தேன். பிரிக்பீல்ட்ஸ் கடைவாசலில் அறுந்த பள்ளிக்கூடப் பைகளைத் தைத்துக்கொண்டிருந்த பயலா இவன் என்று சிரித்தேன். கொஞ்சம் அழவும் செய்தேன்.

போன வாரம் தெலுக் பங்லிமா காராங் கிடங்கில், உன் கம்பெனியின் விலை உயர்ந்த தோல் பைகளில் விற்காத நூற்றறுபதை வெட்டிப் போட்டோம். சும்மா கொடுத்தால் விலை இறங்கிவிடும் என்கிறாய், புரிகிறது. வெளியாளை நம்ப மாட்டேன் என்று சாவியை என்னிடம் கொடுத்தாய், அதுவும் சரி. ஆனால் புதுத் தோலில் கத்தி வைக்க எனக்கும் என்னோடு வேலை பார்க்கும் தாமரைக்கும் கை வரவில்லை. "பாவம்லா அக்கா" என்று ஒவ்வொரு பைக்கும் சொல்கிறாள்.

இந்தப் பொங்கலுக்கும் நீ வரவில்லை.

அக்கா லெட்சுமி


அம்பாங்
19.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சர்க்கரை எப்படி இருக்கிறது? மருந்து கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

கம்போங் மேடானில் ஒரு கல்யாணப் பெண் நம் பையை மாட்டிக்கொண்டு படம் போட்டிருக்கிறாள். பைக்குள் அச்சடித்த வரிசை எண்ணும் தெரிகிறது. எழுபத்தொன்று. உலகத்துக்கே நாற்பதுதான் தைத்தோம் என்று சொல்லி விற்றவன் நான். வாங்கிய அம்மா ஒருவர் போன் செய்து, "எழுபத்தொண்ணு எங்கிருந்து வந்துச்சு டத்தோ?" என்று கேட்கிறார்.

யார் எடுத்தது? பெயரை மட்டும் எழுதுங்கள். போனில் வேண்டாம். டிரைவரிடம் கடிதமாகவே கொடுங்கள்.

தம்பி சிவநேசன்


கிள்ளான்
21.3.2024

அன்புத் தம்பிக்கு,

நான்தான் ஒன்றை வெட்டாமல் எடுத்துக் கொடுத்தேன். தாமரையின் மகள் விஷ்ணுப்ரியா கல்யாணத்துக்கு. தாமரை வேண்டாம் என்றுதான் சொன்னாள், நான்தான் அவள் கையில் திணித்தேன். என்னைத் திட்டு, எப்படியும் திட்டு.

நேற்றிலிருந்து தாமரையின் பிளாட்டுக்குக் கீழே இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருக்கிறார்களாம். நான் பெயர் சொல்வதற்கு முன்பே அவர்கள் எப்படி வந்தார்கள் தம்பி?

அக்கா


அம்பாங்
25.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

என் செக்யூரிட்டி மேனேஜர் பக்கிரிசாமி கெட்டிக்காரர். அந்த வீட்டை ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டார். நீங்கள் பயப்பட வேண்டாம்.

இத்துடன் ஒரு தாள் இருக்கிறது. தாமரை திருடியதைக் கண்ணால் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறது. கையெழுத்துப் போடுங்கள். வெட்டிய பைகளைப் பற்றி அவள் வெளியே பேசினால் முப்பது வருட உழைப்பு போய்விடும். திருடி என்று ஆகிவிட்டால் அவள் பேச்சை யார் கேட்பார்கள்?

கிடங்குச் சாவி உங்களிடம்தான் இருந்தது. அதையும் யோசியுங்கள். உங்களைக் காப்பாற்றத்தான் இவ்வளவும் செய்கிறேன்.

சாப்பாட்டுக்கு முன்னால் மருந்து போட மறக்காதீர்கள்.

தம்பி சிவநேசன்


கிள்ளான்
1.4.2024

சிவநேசனுக்கு,

தாமரை நான்கு நாளாக வேலைக்கு வரவில்லை. பிளாட்டுக்குப் போனேன். பூட்டிக் கிடக்கிறது. அடுத்த வீட்டு அம்மா, "ரெண்டு பேரு பேசணும்னு வந்து காடியில ஏத்திட்டுப் போனாங்க. தாமரை மூக்குக்கண்ணாடியக்கூட எடுத்துக்கல" என்றார். விஷ்ணுப்ரியா எனக்குப் போன் செய்து, "எங்கம்மா எங்க ஆன்டி?" என்று அழுகிறாள். என் தம்பியைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

உன் ஆபீசுக்கு ஆறு முறை போன் செய்தேன். மீட்டிங் என்றார்கள்.

இன்று காலை போலீஸ் நிலையத்துக்குப் போய் ரிப்போர்ட் கொடுத்தேன். பையை நான் கொடுத்ததைச் சொன்னேன். கையெழுத்துப் போடாத தாளையும் உன் இரண்டு கடிதங்களையும் மேசைமேல் வைத்தேன். எழுதிக்கொண்டிருந்த அதிகாரி தமிழ்ப் பெண். உன் பெயரைச் சொன்னதும் பேனாவை நிறுத்தி, "டத்தோ உங்களுக்கு என்ன வேணும்க்கா?" என்று கேட்டாள்.

தம்பி என்று சொல்ல வாய் வரவில்லை. முதலாளி என்றேன்.

லெட்சுமி