ஒரு நாள் கிடக்க வேண்டிய துணி

அண்ணா,

இன்று காலை பயிற்சி அறையில் புது பனியன் துணி உருளை ஒன்றின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தேன். சாய வாடை குப்பென்று அடித்தது. எதிரே தையல் கம்பெனிக்காரர்கள் பத்துப் பேர். பாடத்தைப் பாதியில் விட்டேன். தண்ணீர் குடிக்கப் போவதுபோல் வெளியே போய் நின்றேன்.

லண்டன் ஸ்ட்ரெதமில் நீங்கள் துணி வெட்டிக்கொண்டிருந்த அந்தச் சின்னக் கம்பெனிக்கு, கணினி சொல்கிறபடி தானே வெட்டும் இயந்திரத்தைப் பழக்கிக் கொடுக்கத்தான் வந்தேன். திருப்பூர்ப் பேச்சும் லேப்டாப்புமாக வந்து நின்றவளை முதல் நாளே உங்கள் இலங்கைத் தமிழில் "ரீச்சர்" ஆக்கிவிட்டீர்கள். மற்றவர்கள் முறைத்துக்கொண்டு நிற்க, நீங்கள் மட்டும் ஒரு நோட்டோடு முன்னால் வந்தீர்கள். அது எனக்கு எவ்வளவு தெம்பு என்று உங்களிடம் சொன்னதே இல்லை.

பெரிய ஆர்டர் ஒன்றை முதன்முதலாக இயந்திரத்தில் வெட்டிய அன்று தயங்கித் தயங்கிச் சொன்னீர்கள்: "துணி இப்பதான் வந்தது, ரீச்சர். உருளையில இழுபட்டுக் கிடந்தது. ஒரு நாள் விரிச்சுப் போட்டால்தான் தன்ர அளவுக்குச் சுருங்கி வரும்."

"அதெல்லாம் சாஃப்ட்வேர் பாத்துக்கும்ணா," என்றேன். என்ன திமிர்! சுருக்கத்துக்கான எண்ணை நான் அதில் போடவே இல்லை. முதலாளிக்கு வேகத்தைக் காட்ட வேண்டும், அது ஒன்றுதான் மனதில் இருந்தது. "ஓம், நீங்கள் சொன்னால் சரி," என்று பொத்தானை அழுத்தினீர்கள்.

மறுநாள் காலை, வெட்டிய துண்டுகள் எல்லாம் அளவில் குறைந்து கிடந்தன. ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. உங்கள் ஊர்க்காரரான முதலாளி, "ஆர் வெட்டச் சொன்னது?" என்று கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள், "ரீச்சர் பொறுக்கச் சொன்னவா. நான்தான் அவசரப்பட்டிட்டன்," என்றீர்கள். திறப்பதற்குள் என்று எழுதுவதும் பொய்தான், அண்ணா. நான் திறந்திருக்கவே மாட்டேன்.

அன்றே உங்களை வேலையை விட்டு நிறுத்தினார். பஸ் நிறுத்தத்தில் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "எனக்கு இஞ்ச ஆக்கள் இருக்கினம், வேற வேலை எடுக்க ஏலும். உங்கட விசா இந்த வேலையோடயெல்லோ கிடக்குது," என்றீர்கள். நான் அழுதேன். அழுதுவிட்டு மறுநாள் வேலைக்கும் போனேன்.

நீங்கள் ஹவுன்ஸ்லோப் பக்கம் போய், ஐம்பது வயதுக்கு மேல், விமானச் சரக்குக் கிடங்கில் பெட்டி தூக்கினீர்கள். நாலாவது குளிர்காலத்தில் ஒரு ஷிப்டின் நடுவே இதயம் நின்றுவிட்டது. உங்கள் இறுதிச் சடங்கன்று தேவாலயத்தில் உங்கள் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களைப் பற்றி எப்பவும் பெருமையாத்தான் கதைப்பார்," என்றார். அதற்குள் எனக்கு இங்கேயே நிரந்தரமாக இருக்க அனுமதி கிடைத்துவிட்டது. பயப்பட ஒன்றுமே இல்லை. அப்போதும் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.

நான் எழுதிய பயிற்சிக் கையேட்டில் முதல் விதியே அதுதான்: துணியை ஒரு நாள் விரித்துப் போட்ட பிறகே வெட்ட வேண்டும். எல்லோரும் அடிக்கோடு போட்டுக்கொள்கிறார்கள். அதன் கீழே உங்கள் பெயரைச் சேர்க்க எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன். சேர்த்தால், அவர் யார், என்ன நடந்தது என்று கேட்பார்கள். அதனால் என் பெயர்தான் இருக்கிறது.