மிச்சமிருக்கும் இரண்டு பாயிண்ட்

மருங்காபுரி
வைகாசி 28, புதன்கிழமை

அன்புள்ள அக்கா, அம்மா சொல்லச் சொல்ல நான்தான் எழுதுகிறேன். கூட்டாமல் குறைக்காமல் எல்லாவற்றையும் உண்மையாக எழுதுவேன். அம்மா எழுத வேண்டாம் என்று சொல்வதையும் எழுதுவேன். இதற்குக் கீழே வரும் 'நான்' அம்மா. அடைப்புக்குறிக்குள் இருப்பது மட்டும் உன் தங்கை அறிவுமதி.

அன்பு மகள் வைஷ்ணவிக்கு அம்மா மயிலம்மாள் எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் அறிவும் இரண்டு மாடுகளும் சுகம், நீ அங்கே மஸ்கட்டில் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். இடுப்பு வலி எப்படி இருக்கிறது, ஆஸ்பத்திரியில் டூட்டி முடிந்ததும் வெறும் வயிற்றோடு படுக்காதே. இரண்டு நாளாக நீ அடிக்கிற போனை நான் வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. உன் சித்தப்பா ஜெயக்குமார் உன்னைப் பிடித்துத் தூது விட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். போனில் பேசினால் பாதியிலேயே பாவம்மா விட்டுடுங்கம்மா என்பாய், நானும் இளகிப்போவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. மெக்கானிக் கியாசுதீன் பாய் மகள் ஹஃப்ஸா வெள்ளிக்கிழமை அங்கே திரும்புகிறாள், மாவடு டப்பாவோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். உன் கைக்கு இது வந்து சேரும்போது சனிக்கிழமை முடிந்திருக்கும். சனிக்கிழமை முடியட்டும் என்றுதான் இதை இப்படி அனுப்புகிறேன்.

போன வருஷம் ஏரியில் வண்டல் மண் எடுத்துக்கொள்ளத் தாலுகா ஆபீசில் நமக்கும் உன் சித்தப்பாவுக்கும் சேர்ந்துதான் அனுமதி கிடைத்தது. பதினைந்து நாள். டிப்பர் அவரிடம்தான் இருந்தது. நம் பழைய டிராக்டரில் பின்னால் கலப்பையைத் தூக்கும், அவ்வளவுதான், ஆயில் வெளியே வந்து டிப்பர் பெட்டியைத் தூக்க அதில் வழியே கிடையாது. முதல்ல என் நடையை முடிச்சுடறேன், நாளைக்கு உங்களுக்கு அடிச்சுடலாம் அண்ணி என்றார். மறுநாளும் நாளைக்கு. பதினைந்து நாளும் நாளைக்கு. அவர் கொல்லையில் மண் மேடு மேடாகக் குவிந்தது, நமக்கு ஒரு கூடை வரவில்லை, பதினாறாம் நாள் மழை வந்து ஏரியில் தண்ணீர் நின்றுவிட்டது. நம் செம்மண் ஓடு மாதிரி இறுகி, கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் பாதிக்குப் பாதி பருப்பில்லாத பொக்கு. அதற்கப்புறமும் நான் வாயைத் திறக்கவில்லை. தை மாதம் கே.கே. நகர் மண்டபத்தில் கல்யாணச் சாப்பாட்டில் அத்தனை பேர் நடுவே, அண்ணி உங்க டிராக்டரைக் கொண்டுபோய் மலைக்கோட்டை அடிவாரத்துல நிறுத்துங்க, பழங்காலப் பொருள்னு டிக்கெட் போட்டுப் பார்ப்பாங்க என்றார். பந்தியே சிரித்தது. உங்கப்பாவும் சிரித்தார். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

ஸ்ரீரங்கத்தில் மேலூர்ப் பக்கம் ஒரு வாழைத்தோப்புக்காரர் டிப்பர் பெட்டியை விற்கிறார் என்று கேள்விப்பட்டு நானும் அறிவும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்து முடித்தோம். கியாசுதீன் பாய் நம் களத்திலேயே உட்கார்ந்து மூன்று நாளில் டிராக்டரில் ஆயில் வெளியே வர வால்வு மாட்டிக் கொடுத்தார். பிரிக்கிறதுதான் பிரிக்கிறோம், ரெண்டு லிவரா வச்சுடறேன்மா, டிப்பருக்கு ஒண்ணு, பின்னாடி புரட்டுக் கலப்பை வாங்கினா அதுக்கு ஒண்ணு என்றார். (நான் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். லிவருக்கு இரண்டு வீதம் பின்பக்கம் ஆயில் குழாய் மாட்ட நாலு பாயிண்ட். டிப்பர் ஓஸை அதில் அழுத்தினால் டக் என்று உட்காரும். முதல் தடவை ஒரு வாஷர் தாங்காமல் அப்பா சட்டை முழுக்க ஆயில். இரண்டாம் தடவை பெட்டி தானாக எழுந்து நின்றபோது அப்பா கைதட்டினார்.) மிச்சமிருக்கும் இரண்டு பாயிண்டுக்கு மூடி போட்டு, மேலே சிவப்புப் பெயிண்டில் 'இரவல் கிடையாது' என்று அறிவை எழுதச் சொன்னேன். இந்த வருஷ அனுமதியில் ஒன்பது நாளில் நம் நடை முடிந்தது. கொல்லை முழுக்கக் கறுப்பு மண், நீ வந்து பார்க்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் சித்தப்பா வண்டியில் ஹைட்ராலிக் பம்ப் போய்விட்டது. (அம்மா சித்தப்பாவுக்கு வேறு வார்த்தை சொன்னார். அப்பா இருமியதால் சித்தப்பா என்று எழுதினேன்.) வண்டி ஓடுகிறது, டிப்பர்தான் எழும்பவில்லை. பம்ப் வர ஒரு வாரமாம், அவர் அனுமதி சனிக்கிழமை முடிகிறது. ஆள் விட்டு மண்வெட்டியால் இறக்குகிறார், நாளுக்கு இரண்டு நடைகூட ஆகவில்லை. திங்கட்கிழமை காலையில் நம் களத்துக்கு வந்தார். சிவப்பு எழுத்தைப் படித்துவிட்டு, என்ன அண்ணி வண்டி பேச ஆரம்பிச்சுடுச்சா என்றார். ஆமா தம்பி, டிக்கெட் போட்டுப் பார்க்கிற வண்டியாச்சே, தொடாதேன்னு போர்டு இருக்கும்ல என்றேன். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. என் வண்டி பக்கத்துல உங்க வண்டியை நிறுத்தி அந்தச் சும்மா கிடக்கிற பாயிண்ட்ல என் ஓஸை மாட்டினாப் போதும் அண்ணி, உங்க ஆயில்ல என் டிப்பர் எழுந்துக்கும், பெட்டி இறங்கினதும் ஆயில் உங்க வண்டிக்கே திரும்பிடும் என்றார். அவர் கேட்ட உதவி பெரிதில்லை, ஒரு நடைக்கு ஐந்து நிமிஷ வேலை. நான் நிதானமாக, நாளைக்குப் பார்க்கலாம் தம்பி என்றேன். நேற்றும் வந்தார், நேற்றும் அதையே சொன்னேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது நாக்கில் எப்படி இனித்தது தெரியுமா, ஒரு வருஷமாக வைத்திருந்தது. இன்று காலை வரும்போது செருப்பைக் கேட்டுக்கு வெளியிலேயே விட்டுவிட்டு வந்தார். இன்றும் அதேதான்.

உங்கப்பா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. தம்பியாச்சே, அவன் செஞ்சதுக்கு மண்ணு என்ன பாவம் பண்ணுச்சு என்றார். நம்ம மண்ணு என்ன பாவம் பண்ணுச்சு என்று கேட்டேன், தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டார். வண்டிச் சாவியை என் இடுப்பிலேயே செருகி வைத்திருக்கிறேன். (அம்மா குளிக்கப் போகும்போது சாவியை அலமாரியில் வைப்பார். நேற்று அப்பா அதை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். நான் பார்த்ததை இருவரிடமும் சொல்லவில்லை.) நான் செய்வது தப்பு என்று நீ நினைக்கலாம், நினைத்துக்கொள். சனிக்கிழமை சாயங்காலம் அவர் வண்டி காலிப் பெட்டியோடு வீடு திரும்புவதை நான் வாசலில் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு ஆசை.

மகளே, குலதெய்வம் துணையிருந்து உன்னை நோய்நொடி இல்லாமல் காக்கட்டும், உன் கை தொட்ட நோயாளிகள் எழுந்து நடக்கட்டும். தண்ணீர் நிறையக் குடி, பாஸ்போர்ட் தேதியைப் பார்த்துக்கொள், தலைக்கு எண்ணெய் வை. லீவில் வரும்போது எல்லாருக்கும் வாங்கி வருகிற மாதிரி சித்தப்பா வீட்டுக்கும் ஒன்று என்று வாங்கி வராதே.

இப்படிக்கு,
உன் முகம் பார்க்கக் காத்திருக்கும் அம்மா,
மயிலம்மாள்

(அக்கா, கையெழுத்து அம்மா போட்டது. இப்போது மணி ஏழு. கேட்டுக்கு வெளியே பைக் வந்து நிற்கிறது. சித்தப்பாதான். இந்தத் தடவை அண்ணி என்று கூப்பிடவில்லை, ராமண்ணே, ராமண்ணே என்று அப்பாவைக் கூப்பிடுகிறார். அப்பா கொடியிலிருந்து சட்டையை எடுத்து ஒரு கையை நுழைத்துவிட்டார். அம்மா இடுப்பில் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு எழுந்து, அப்பாவைத் தாண்டிப் போய், வாசல் லைட்டை அணைத்தார், அப்புறம் நாங்கள் இருக்கும் அறை லைட்டையும் அணைத்துவிட்டார். இந்தக் கடைசி வரியை இருட்டில்தான் எழுதுகிறேன்.)