அளவெடுக்காமல் உடைத்த சமையல் மேடை

அன்புள்ள சுள்ளிக்கு,

இங்கே எனக்கும் உன் அத்தைக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அத்தைக்கு முட்டிவலி குறைந்துவிட்டது, எனக்கு வேலையிடத்தில் பழைய லிஃப்ட் இரண்டை மாற்றும் பொறுப்பைத் தந்திருக்கிறார்கள், எதிர்வீட்டுக்காரர் இன்னும் நம் வாசலை அடைத்துத்தான் காரை நிறுத்துகிறார், நானும் இன்னும் அவரோடு சண்டைதான் போடுகிறேன். செய்தி அவ்வளவுதான். கடிதம் எழுதுகிற ஆள் நான் இல்லை என்று உனக்கே தெரியும். ஃபோனில் சொன்னால் நீ அழுவாய், நான் குறுக்கே பேசுவேன், யாராவது ஒருவர் பாதியில் வைத்துவிடுவோம், அதனால் எழுதுகிறேன். சுற்றி வளைக்கவில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு, மூணு வருஷம் கழிச்சு இப்பத்தான் லீவு கெடச்சிருக்கு மாமா, வந்ததும் அம்மா சமைச்சுத் தூங்கி ஊர் சுத்தின அந்த வேன் வண்டிய எடுத்துக்கிட்டு ஒரு சுத்து போயிட்டு வரணும், உள்ள எதையும் மாத்திடாதீங்க, முக்கியமா அந்தச் சமையல் மேடையில கை வச்சிடாதீங்க என்று சொன்னாய். நான் ம், சரி என்றேன். அது பொய். அந்த மேடை முந்தின நாளே போய்விட்டது. நான்தான் பெயர்த்தெடுத்து, நான்கு துண்டாக உடைத்து, குப்பை லாரியில் ஏற்றினேன்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், வக்காலத்து வாங்கவில்லை. சனிக்கிழமை காலையில் வண்டியின் பேட்டரியைப் பார்க்கலாம் என்று உள்ளே போனேன். குழாய்க்கு அடியில் வாஷர் செத்துப்போய்த் தண்ணீர் சொட்டுச் சொட்டாக எத்தனை நாளாக இறங்கியதோ, மேடை அழுத்திய மரத்தூள் பலகை அல்லவா, தண்ணீரில் நனைந்த ரொட்டி மாதிரி ஊதிக் கிடந்தது. விரலை வைத்து அழுத்தினால் விரல் உள்ளே போகிறது. அடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து கேஸ் குழாயை இழுத்துக்கொண்டு நின்றது. அப்படியே விட்டிருந்தால் நீ வந்து அடுப்பைப் பற்றவைக்கும் நாளில் என்ன ஆகியிருக்கும் என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. மாற்றியது சரிதான், அதை இப்போதும் சொல்வேன். ஆனால் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அத்தை வாசலில் நின்றுகொண்டு, ஏங்க, அவகிட்ட ஒரு ஃபோன் போட்டுட்டு செய்யுங்களேன், பலகை என்ன ஓடியா போகப்போகுது என்றாள். அழுகின பலகைக்கு யார் அனுமதி வேணும் என்று நான் எகிறினேன். இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. மறுநாள் நீ கூப்பிட்டபோது பக்கத்தில்தான் இருந்தாள், நான் ம், சரி என்றதும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனாள், இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல், உடைத்த துண்டுகளைத் தேடிக் குப்பைக் கிடங்குக்குப் போனேன். அங்கே கையுறை போட்டுக்கொண்டு குப்பையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, பலகையா, மரமெல்லாம் அன்னன்னைக்கே அரைச்சிருவோம் தம்பி, என்ன, உள்ள நகை கிகை ஒளிச்சு வச்சிருந்தியா என்று கேட்டார். அந்தத் தூள் குவியலைக் காட்டினார். என் உயரத்துக்கு இருந்தது. அதில் எது நம்முடையது என்று எப்படிச் சொல்வது. திரும்பி வந்துவிட்டேன்.

பிறகு புது மேடையைக் கடையில் வாங்கப் பிடிக்கவில்லை. நானே செய்தேன். மரக்கடைக்காரர் கனமான மரத்தைத் தலையில் கட்டப் பார்த்தார், ஓடுகிற வண்டிக்கு அவ்வளவு எடை கூடாது என்று சண்டை போட்டு, லேசான, நன்றாகக் காய்ந்த மரத்தில் மூன்று பலகை எடுத்தேன். ஓரங்களை இழைத்து, பசை தடவி, ஒட்டி, ஒரு நாள் முழுக்க இறுக்கிப் பிடித்து வைத்தேன். மரம் மழைக்காலத்தில் விரியும், வெயிலில் சுருங்கும், அதனால் சுவரோரம் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அடியிலிருந்து போடும் திருகாணிகளுக்கு நீளவாக்கில் துளை போட்டேன். பாத்திரம் கழுவும் தொட்டிக்காக வெட்டிய ஓரம் முழுக்க, தண்ணீர் ஏறாமலிருக்க, நான்கு முறை எண்ணெய் கொடுத்தேன். அடுப்பை ஒட்டித் தகடு அடித்தேன். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது, வந்து தட்டிப் பார், தெரியும்.

இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதம் பாதியில் முடிந்திருக்கும். நான் அதற்கு மேலும் ஒரு காரியம் செய்தேன். பழைய மேடையில் தொட்டிக்கு இடப்பக்கம் உன் அம்மா காய்வெட்டும் பலகை வைக்காமல் நேராக நறுக்கி நறுக்கி விழுந்த கத்திக் கோடுகள் இருந்தனவே, நீ படம் வரையும்போது பென்சில் அதில் மாட்டிக்கொள்கிறது என்று கத்துவாயே, அந்த இடத்துக்காகத்தான் நீ கை வைக்காதீங்க என்று சொன்னாய் என்று எனக்குத் தெரியும். உனக்கு ஏழு வயதில், முன்பல் விழுந்த வாயோடு அந்த மேடைமேல் உட்கார்ந்திருக்கும் ஃபோட்டோ இருக்கிறதல்லவா, அதைப் பெரிதாக்கினேன். குழாயின் விட்டம் தெரியும், அதை வைத்துக் கணக்குப் போட்டால் ஒவ்வொரு கோட்டின் நீளமும் கோணமும் கிடைத்துவிடும். பத்தொன்பது கோடு தெரிந்தது. உன் முழங்காலுக்குப் பின்னால் இன்னும் எத்தனை இருந்தன என்று தெரியவில்லை. அந்தப் பத்தொன்பதையும் புது மரத்தில் இரும்பு அடிக்கோல் வைத்துக் கத்தியால் கீறினேன். உன்னிடம் என்ன சொல்வதாக இருந்தேன் தெரியுமா? மேலே இருந்த அழுக்கை மட்டும் தேய்த்துச் சுத்தம் செய்தேன், மேடை அதேதான் என்று. மரத்தூள் பலகை மரமாக மாறாது என்பதுகூட அப்போது என் மண்டையில் ஏறவில்லை. படித்தவன் செய்கிற முட்டாள்தனத்துக்கு அளவே கிடையாது.

அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தாள், விரலால் தடவினாள். நான் உங்க அக்காவப் பார்த்ததே இல்ல, ஆனா அவசரத்துல சமைக்கிறவ கை எனக்குத் தெரியும், இது நறுக்கின மாதிரியா இருக்கு, வரைபடம் போட்ட மாதிரில்ல இருக்கு என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை. அவ உங்கள நம்பி ஏமாந்துட்டான்னு வைங்க, அந்தக் கோட்ட ஆயுசுக்கும் தடவிப் பார்த்துக்கிட்டே இருப்பா, நீங்க பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டே இருப்பீங்க, முடியுமா உங்களால என்று கேட்டாள். உப்புத்தாளை எடுத்து எல்லாவற்றையும் தேய்த்து அழித்தேன். ஒரே இடத்தில் தேய்த்ததால் அங்கே கொஞ்சம் பள்ளமாகிவிட்டது, ஒரு கரண்டித் தண்ணீர் நிற்கும். மேடை முழுவதையும் இழைத்துச் சமப்படுத்தலாம், ஆனால் செய்யவில்லை, நான் என்ன செய்தேன் என்பது அதில் இருக்கட்டும்.

இன்னொன்றையும் அன்றைக்கு அவள் சொன்னாள், அதை நான் இத்தனை நாளாக ஒத்துக்கொள்ளவில்லை. நீங்க அந்த வண்டிக்குள்ள பத்து நிமிஷம் சேர்ந்தாப்பல நின்னு நான் பார்த்ததே கிடையாது, ரெண்டு மணி நேரம் நின்னது உடைக்கிறதுக்கு மட்டும்தான் என்றாள். என் வேலையில் ஒரு விதி உண்டு. பழைய உறுப்பைக் கழற்றினால் அளவெடுத்து, புதியது பொருந்துகிற வரைக்கும் அதைத் தூக்கிப் போடக் கூடாது. பதினைந்து வருஷத்தில் ஒரு சின்ன போல்ட்டைக்கூட நான் அப்படிப் போட்டதில்லை. இந்த மேடையை மட்டும் டேப்பை எடுக்காமலே உடைத்தேன். தொட்டி எந்த இடத்தில் இருந்தது என்பதைக்கூடப் பிறகு ஃபோட்டோவிலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. அழுகியதற்காக உடைத்தேன் என்றால் அளவெடுத்திருப்பேன். அந்தக் கோடுகளைப் பார்க்க முடியாமல்தான் உடைத்தேன். உனக்கு அவள் அம்மா. எனக்கு அக்கா, எனக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தவள். அவள் போனபோது எனக்கு இருபத்துமூன்று, உனக்கு எட்டு. மறுவாரமே பள்ளிக்கூடப் படிவத்தில் பெற்றோர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன், அழுவதற்கு நேரம் இருக்கவில்லை, பிறகு அது பழக்கமாகிவிட்டது.

ஆகவே நீ வருவதற்கு முன்பே தெரிந்துகொள். இப்போது வண்டியில் இருக்கும் மேடையில் உன் அம்மா ஒரு வெங்காயம்கூட நறுக்கியதில்லை. அவள் நறுக்கிய மேடை இனி எங்கேயும் இல்லை. அதை இல்லாமல் செய்தவன் நான். இதைப் படித்த பிறகு அந்த வண்டியில் ஏற உனக்கு மனசு வராமல் போகலாம், அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. லீவை வேறு எங்காவது கழிக்கிறேன் என்று நீ சொன்னாலும் நான் வாதாட மாட்டேன், இது உன் அத்தை முன்னால் ஒத்துக்கொண்டது. ஆனால் வந்தால், முதல் நாள் நானும் உன்னோடு வண்டிக்குள் உட்காருகிறேன், நீ இறங்கு என்று சொல்லும் வரை இறங்க மாட்டேன். அக்காவைப் பற்றி நீ இத்தனை வருஷமாகக் கேட்டு நான் வேலை இருக்கிறது என்று எழுந்து போன கேள்விகளையெல்லாம் கேள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஓட்டுநர் உரிமம் எப்போது முடிகிறது என்று பார்த்து உடனே புதுப்பித்துவிடு. குளிர் ஏறுகிறது என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ. திட்டுவதற்குக் கூப்பிட்டால் அத்தையிடம் ஃபோனைக் கொடுக்கச் சொல்லாதே, என்னிடமே திட்டு, நடுவில் பேச மாட்டேன். நீ எங்கே இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், உன் அம்மாவுக்கும் சேர்த்து இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னிடம் பொய் சொன்ன,
உன் மாமா