நூல் இல்லாத சாவி

சில்லு, உன் விஷயமாகத்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரிக்காதே.

அனுப்புநர்
மூன்றாம் வகுப்பில் படித்த சிறுமியின் தாய்,
அதே பள்ளியின் துப்புரவுப் பணியாளர்.

பெறுநர்
சுகாதார அலுவலர் அவர்கள்.

பொருள்: வரும் திங்கட்கிழமை எங்கள் பள்ளியில் பத்தொன்பது பிள்ளைகளுக்குத் தாடைத் தகடும் நூல் இல்லாத சாவியும் கொடுக்க இருப்பதை நிறுத்தக் கேட்பது.

மதிப்புக்குரிய ஐயா, வணக்கத்துடன் எழுதுவது:

1. என் மகளுக்கு வயது எட்டு. கீழ்த்தாடை, இழுத்துவிட்ட மேசை டிராயர் போல, மேல்தாடைக்கு முன்னால் நிற்கும். வகுப்பில் "டிராயர்" என்று பட்டப்பெயர். "மூட மறந்த டிராயரும்மா நான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். பள்ளிக்கு வந்த பல் மருத்துவர், எலும்பு வளரும் வயதிலேயே மேல்தாடையை அகலமாக்கி முன்னால் இழுத்துவிடலாம், வளர்ந்துவிட்டால் அறுவை செய்துதான் சரியாக்க முடியும் என்றார். அந்த வைத்தியத்தை நான் குறை சொல்ல வரவில்லை. தகடு போட்ட பிறகு மேல்பல் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்தது. தினமும் கண்ணாடியில் பல்லைக் காட்டிப் பார்த்துக்கொள்வாள்.

2. அண்ணத்தில் ஒட்டிய தகட்டின் நடுவில் ஒரு சின்னத் திருகு. அதன் துளையில் கம்பிச் சாவியை விட்டு நான் தினம் ஒரு தரம் திருப்ப வேண்டும். முன்னாலிருந்து பின்னால், அதாவது தொண்டைப் பக்கமாகத் தள்ள வேண்டும். பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைக்கச் சொன்னார்கள். சாவி என் சுண்டு விரல் நீளம்கூட இல்லை. திருப்பி முடித்ததும், "சாவி குடுத்தாச்சா? பொம்மை இப்ப பேசலாமா?" என்பாள்.

3. முதலில் அந்தச் சாவியில், மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஒரு நூல் இருந்தது. மருத்துவரிடம் இரண்டாம் தடவை போனபோது அவருடைய உதவியாளர் அம்மா அதைக் கத்தரித்துவிட்டார். "அழுக்கு சேருதும்மா. உங்க கைதான் பழகிடுச்சே" என்றார். நானும் தலையாட்டினேன். நூல் எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

4. ஒரு நாள் பள்ளி விட்டு வந்ததும் திருப்பும்போது சாவி கை நழுவியது. இரண்டு மூன்று தரம் பலமாக இருமினாள். பிறகு இருமல் நின்றுவிட்டது. வாயில் தேடினேன், கட்டிலில் தேடினேன், இல்லை. உடனே மருத்துவருக்குப் போன் செய்து, "சாவியை முழுங்கிட்டா" என்றேன். இங்கேதான் ஐயா எல்லாம் கெட்டது. புரை ஏறிவிட்டது என்று சொல்லியிருக்க வேண்டும். தொண்டைக்குள் போனால் முழுங்கியதுதான் என்று நினைத்துவிட்டேன். போன் எடுத்த உதவியாளரும் இருமினாளா என்று கேட்கவில்லை. "பயப்படாதீங்க, வாழைப்பழம் குடுங்க. ரெண்டு நாள்ல தானா வந்துடும்" என்றார்.

5. வரவில்லை. மூன்றாம் நாள் உடம்பு சுட்டது. மூச்சு விடும்போது மெல்லிய விசில் சத்தம் கேட்டது. மருத்துவர் வயிற்றைப் படம் எடுத்து வரச் சொன்னார். படத்தில் சாவி இல்லை. "போயிடுச்சும்மா, நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க" என்றார். சளிக்கு மருந்து எழுதினார். புதுச் சாவி ஒன்றைக் கையில் கொடுத்து, தொடர்ந்து திருப்பச் சொன்னார். அதிலும் நூல் இல்லை. அன்று மாலையும் திருப்பினேன் ஐயா, இதே கையால்.

6. நான்காம் நாள் காலை பல் தேய்க்கும்போது வந்த இருமல் நிற்கவில்லை. பெரிய மருத்துவமனையில் கொண்டுபோய்ப் போட்டபோது மூச்சு இல்லை. அதற்குப் பிறகுதான் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். மூச்சுக்குழாயில் சாவி தெளிவாகத் தெரிந்தது.

7. விசாரணை அறிக்கையில், "விழுங்கியதாகத் தாயே தெரிவித்தார்" என்று எழுதி முடித்துவிட்டார்கள். சொன்னது நான்தான், மறுக்கவில்லை. அதற்கு எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. ஆனால் இன்றுவரை அந்தச் சாவிகளில் நூல் கட்டவில்லை.

8. போன மாதம் ஆறு பிள்ளைகளுக்குத் தகடு போட்டிருக்கிறார்கள். நேற்று நான் வகுப்பைப் பெருக்கும்போது அவர்களில் ஒரு சிறுமி, வீட்டிலிருந்து எடுத்துவந்த சாவியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் தலைமுடியைக் கட்டிக்கொண்டிருந்தாள். பிடுங்கிவிட்டேன். அவள் அம்மா வந்து, "உன் துக்கத்தை எங்க பிள்ளை தலையில கட்டாதே" என்று திட்டிச் சாவியை வாங்கிப் போனார். இன்று காலை அந்த வகுப்பில் யாரோ இருமினார்கள். துடைப்பத்தோடு வாசலில் நின்றேன். இருமல் நின்றுவிட்டது. நின்றதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகையால் ஐயா, அந்த ஆறு சாவிகளையும் இன்றே திரும்ப வாங்க வேண்டும். அந்தப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, யார் எப்போது இருமினார்கள் என்று கேட்க வேண்டும். நூலோ பிடியோ இல்லாத சாவி திங்கட்கிழமை எந்தத் தாயின் கைக்கும் போகக் கூடாது. எனக்குப் பதில் கடிதம் வேண்டாம். ஆள் அனுப்புங்கள். பள்ளி நாலு மணிக்கு விட்டுவிடும்.

இடம்: பள்ளியில் துடைப்பம் வைக்கும் அறை
நாள்: வெள்ளிக்கிழமை, முற்பகல்

இப்படிக்கு,
சில்லுவின் அம்மா

சில்லு, அந்த நாலு நாளும் மூச்சு விட முடியுதா என்று கேட்டபோதெல்லாம், "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்றாயே. நான் பயந்துவிடக் கூடாது என்றா அப்படிச் சொன்னாய்?